32 தலைகள்: ஏற்காட்டில் ஒரு சிற்பக்கூடம்

ஏற்காடு ஏரியைத் தாண்டி நாகலூர் போகிற ரோட்டில், ஒரு காபி எஸ்டேட்டின் பழைய குடோனுக்குள் இருக்கிறது இந்தச் சிற்பக்கூடம். போர்டு கிடையாது. டீக்கடையில் "தலை செய்யற அம்மா வீடு" என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். பெயரையும் போன் நம்பரையும் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை. உள்ளே இருப்பவை எல்லாம் சுட்ட மண்ணில் செய்த மனிதத் தலைகள். கை கால் இல்லை, தோள்கூட இல்லை. கழுத்தோடு சரி.

நான் சேலத்தில் பல் லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அளவை வைத்துப் பல் செட் செய்து கொடுப்பது என் வேலை. உணர்ச்சி என்றால் எல்லோரும் கண்ணைத்தான் சொல்வார்கள். வாயையும் தாடையையுமே வருஷக்கணக்காகப் பார்த்துவரும் எனக்கு, அதில் பாதிக்கு மேல் மூக்குக்குக் கீழேதான் இருக்கிறது என்று தோன்றும். அதைத் தெரிந்துகொண்டு மண்ணைப் பிடிக்கிற ஒருவர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சென்னை கவின் கலைக் கல்லூரியில், சிற்பி எஸ். தனபாலின் மாணவர்களிடம் படித்தவர். இப்போது செய்துகொண்டிருப்பது ஒரே வரிசை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்ச்சி), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்று நான்கு நான்கு காரணங்களும் சொல்லியிருக்கிறது. ஆக 32. இந்த ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தலை என்று ஆரம்பித்து, இதுவரை 26 முடித்திருக்கிறார்.

இந்தத் திட்டமே எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 'சோகம்', 'கோபம்' என்று தலைப்பு வைத்த சிலைகளில் பெரும்பாலும் ஒரே முகம்தான் திரும்பத் திரும்ப வரும். இங்கே அழுகை என்றாலே நான்கு பேர். அவமானப்பட்டு அழுகிறவர், ஒருவரை இழந்து அழுகிறவர், நன்றாக இருந்த நிலையிலிருந்து இறங்கிப்போய் அழுகிறவர், வறுமையில் அழுகிறவர். நாலு பேருடைய வாயும் நாலு விதம். அவமானத்தில் அழுகிறவர் கீழுதட்டை உள்ளே இழுத்துப் பல்லால் பிடித்திருக்கிறார். இழவில் அழுகிறவருக்குத் தாடையைப் பிடித்துக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லை. நாம் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்காது. நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பல் செட்டின் உயரத்தை முடிவு செய்வதே அந்த இடைவெளியை வைத்துத்தான். அந்தத் தலையில் தாடை அதையும் தாண்டித் தொங்கியிருக்கிறது, உதடுகள் மட்டும் பிரிந்தும் பிரியாமலும் இருக்கின்றன. கண்ணீர் என்று எதையும் அவர் செய்யவில்லை. தேவைப்படவும் இல்லை.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அச்சம் வரிசையில் நாலாவது தலை. அச்சத்துக்குக் காரணம் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றுக்கும் நாம் எதிர்பார்க்கிற முகம் ஓரளவு வந்துவிடுகிறது. நாலாவது, தன் அரசனுக்குப் பயப்படுவது. கிராப்பு வெட்டிய நடுத்தர வயது ஆள். கழுத்தில் சட்டைக் காலரின் விளிம்பு மட்டும் தெரிகிறது. கண் விரியவில்லை, வாய் பிளக்கவில்லை. அவர் சிரிக்கிறார். உதட்டின் இரண்டு ஓரமும் பக்கவாட்டில் இழுபட்டிருக்கின்றன. கன்னம் மேலே ஏறவில்லை, கண்ணோரம் சுருங்கவில்லை. முதலாளி கூப்பிட்டு நிறுத்தியிருக்கும்போது வரும் சிரிப்பு.

துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளில் மின்சாரம் செலுத்திப் பார்த்து, 1862இல் ஒரு நூல் வெளியிட்டார். மனதார வரும் சிரிப்பில் கண்ணைச் சுற்றிய தசையும் சேர்ந்து சுருங்கும், வரவழைத்த சிரிப்பில் சுருங்காது என்று அவர் கண்டது இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. எங்கள் தொழிலில் இது அன்றாடப் பிரச்சினை. மெழுகில் பல்லை வைத்து ட்ரயல் பார்க்கும்போது டாக்டர் "சிரிங்க" என்பார். வந்தவர் இந்தச் சிலை சிரிப்பதைப் போலத்தான் சிரிப்பார். அதை மட்டும் நம்பி முன்பல்லை வைத்துவிட்டால், வீட்டில் பேரக்குழந்தையைப் பார்த்து நிஜமாகச் சிரிக்கும்போது உதடு மேலே ஏறி, செட்டின் ரோஸ் நிற ஈறு வெளியே தெரியும். ஒரு சிரிப்பிலிருந்து இன்னொரு சிரிப்புக்கு உதடு எவ்வளவு நகரும் என்பதை இந்த அம்மா எந்த அளவுகோலும் இல்லாமல் பிடித்திருக்கிறார்.

இந்தத் தலையை வைத்திருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். எதிர்ச்சுவரில், கொஞ்சம் உயரத்தில், பெருமிதம் வரிசையில் ஒரு தலை இருக்கிறது. பயந்து சிரிக்கிறவரின் பார்வை நேராக அதன்மேல் போகிறது. அதன் பின்னால் போய் நின்று அது பார்க்கிற திசையில் பார்த்தால், இந்த ஆள் தெரியவே மாட்டார். நடுவில் தூண் மறைத்துவிடும். "தாரமங்கலத்துல கத்துக்கிட்டது தம்பி" என்றார். கைலாசநாதர் கோயிலில் ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் தூணிலிருந்து பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை ஓடி ஓடிப் பார்த்த விஷயம்தான். முதலாளி, தொழிலாளி என்று அதைத் திருப்பிப் போடலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இளிவரலில் மூப்பு என்று ஒரு பாட்டி. பல் போன வாயைச் செய்யச் சொன்னால் பெரும்பாலானவர்கள் உதட்டைச் சுற்றி நாலு கோடு கிழித்து முடித்துவிடுவார்கள். உண்மையில் நடப்பது வேறு. பல் போன பிறகு அது உட்கார்ந்திருந்த எலும்பு மேடும் வருஷா வருஷம் கரையும். முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் மேலுதடு உள்பக்கமாகச் சுருண்டு, அதன் சிவப்பு மறைந்துபோகும். தாடை அதிகமாக மூடி, முகவாய் மேலேயும் முன்னாலேயும் வந்து மூக்கை நெருங்கும். வாயோரம் இரண்டும் இறங்கும். இத்தனையும் அந்தப் பாட்டியிடம் இருக்கிறது. அதற்கு மேலே ஒன்றும் இருக்கிறது. உதடுகள் ஒன்றையொன்று மென்றபடி, பார்வை பக்கவாட்டில் கொஞ்சம் கீழே போகிறது. பசிக்கிறது, கேட்கப் பிடிக்கவில்லை. பல் செட் வாங்க மகனோடு வந்து, விலையைக் கேட்டதும் "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்" என்று சொல்லும் அம்மாக்களின் முகம் அது. பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதற்குப் பக்கத்திலேயே உவகை வரிசை. 'விளையாட்டு' என்ற காரணத்துக்கு ஒரு பையன், ஏழு வயது இருக்கும். மேலே முன்பல் இரண்டும் விழுந்த இடைவெளியில் நாக்கு நுனி எட்டிப்பார்க்கிறது. கீழே புதுப்பல் இரண்டு முளைத்திருக்கின்றன. குனிந்து பார்த்தேன்: அந்தப் புதுப்பல்லின் ஓரத்தில் சின்னச் சின்ன மேடு மூன்று! புதிதாக முளைத்த வெட்டுப்பல்லின் விளிம்பு அப்படித்தான் இருக்கும், கடித்துக் கடித்துப் பிறகு தேய்ந்து நேராகும். பெற்றவர்களில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். எஸ்டேட் லைன் வீட்டுப் பையன் ஒருவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துச் செய்ததாகச் சொன்னார்.

இடது கைப் பக்கச் சுவர் முழுக்கப் போட்டோக்கள். தன்னைப் பாதித்த சிற்பங்கள், ஆட்கள், முகமூடிகள் எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருக்கிறார். எதை எங்கிருந்து எடுத்தார் என்பதை மறைக்காமல் வைத்திருப்பதே பெரிய மனசு. நேரம் இருப்பவர்கள் முதலில் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அப்புறம் தலைகளிடம் வாருங்கள்.

அங்கே நடுநாயகமாக இருப்பவர் மெஸ்ஸர்ஷ்மிட். 1736இல் பிறந்து 1783இல் இறந்த, வியன்னாவில் பேர் வாங்கிய சிற்பி. ராஜகுடும்பத்துக்குச் சிலை செய்து வந்தவர், 1770 வாக்கில் ஆரம்பித்து, விதவிதமாக முகத்தைச் சுளித்த தலைகளைத் தனக்காகவே செய்யத் தொடங்கினார். 1774இல் அங்கிருந்த கலைக் கழகத்தில் பேராசிரியர் பதவி வர வேண்டியது, மனநிலையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். கடைசிக் காலம் இன்றைய பிராட்டிஸ்லாவாவில் கழிந்தது. இறந்தபோது அவருடைய பட்டறையில் இப்படிப்பட்ட தலைகள் 69 இருந்தன. கண்ணாடி முன் நின்று தன் விலாவைத் தானே கிள்ளிக்கொண்டு, அந்த வலியில் முகம் போகிற போக்கைப் பார்த்துச் செய்வாராம். 1781இல் அவரைப் போய்ப் பார்த்த நிக்கோலாய் என்ற ஜெர்மன் எழுத்தாளர் இதை எழுதி வைத்திருக்கிறார். எந்த மிருகமும் உதட்டின் சிவப்பைக் காட்டுவதில்லை, மனிதனும் காட்டக் கூடாது என்பது மெஸ்ஸர்ஷ்மிட்டின் கருத்து. அதனால் அவருடைய தலைகள் பலவற்றில் உதடு உள்ளே மடிந்து வெறும் கோடாகிவிட்டது. அந்தப் போட்டோக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பாட்டியின் வாயைப் பார்த்தால், அந்த மடிந்த உதட்டை இவர் எங்கே கொண்டு போயிருக்கிறார் என்பது புரியும். அங்கே ஒருவருடைய பிடிவாதத்தில் மடிந்த உதடு, இங்கே வயதில் மடிகிறது. செல்வாக்கு என்பதை இப்படி ஜீரணித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் 'உடைந்த மூக்கு மனிதன்' போட்டோவும் இருக்கிறது. இளம் வயதில் ஏழ்மையில் இருந்த ரோடான், கூலி வேலை செய்யும் ஒருவரை வைத்துச் செய்த தலை அது. குளிர்காலத்தில் பட்டறையைச் சூடாக வைத்திருக்க வசதி இல்லை. ஈரமண் உறைந்து பின்மண்டை உடைந்து விழுந்துவிட்டது. மிச்சமிருந்த முகத்தை மட்டும் 1864 பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்பினார், அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கதையைச் சொன்ன அம்மா, தன்னுடைய ஒரு தலையைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். வறுமையில் அழுகிறவரின் தலை. பின்மண்டை இல்லை, உள்ளே வெறும் கூடு, விரல் தடங்கள். வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார். தயவுசெய்து ஒவ்வொரு தலையையும் சுற்றி வந்து பாருங்கள், முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள்.

குஜராத்தில் லோத்தலில் பிறந்து 2025இல் மறைந்த சிற்பி ஹிம்மத் ஷாவின் மண் தலைகளும் வெண்கலத் தலைகளும் தனி வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. கண் மூக்கைப் பெரிதாகக் காட்டாமல், மேற்பரப்பில் விழும் கீறலையும் வெட்டையும் வைத்தே பேசுகிற தலைகள் அவை. இங்கே மருட்கை வரிசையில் அந்தத் தைரியம் வந்திருக்கிறது. 'சிறுமை' என்ற தலையில், அதாவது மிகச் சிறிய ஒன்றைப் பார்த்து வியக்கிறவரின் தலையில், புருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு விரல் அழுத்தம்தான்.

உடம்பில்லாத தலை என்பது நமக்குப் புதிது இல்லை என்பதும் அந்தச் சுவரில் தெரிகிறது. கூவாகத்தில் கூத்தாண்டவராகக் கும்பிடப்படும் அரவான் தலை, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு. வைகாசி முதல் நாள் அந்தச் சிரசு ஊர்வலத்தில் கூட்டம் அலைமோதும். தலை தனியாக வந்தால் அதற்குச் சக்தி கூடிவிடுகிறது என்று நம் ஜனங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இனி எனக்குக் குறையாகப் பட்டவை. உவகையில் 'செல்வம்' என்ற தலை, இத்தாலியக் கலைஞர் மோதிலியானி 1911 முதல் 1913 வரை சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய நீண்ட முகங்களை அப்படியே பின்பற்றுகிறது. நீள மூக்கு, பொத்தான் அளவு வாய். அழகாக இருக்கிறது, வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தானாம். ஆனால் பணம் வந்த மகிழ்ச்சி அந்த முகத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாய் யாருடைய வாயும் இல்லை.

அதைவிடப் பெரிய வருத்தம் வெகுளி வரிசை. முடிந்திருக்கிற மூன்று தலைகளும் தெருக்கூத்து முகங்கள். துரியோதன வேஷம் கட்டியவரின் பிதுங்கிய கண், தூக்கிய புருவம், மீசை. எங்கள் பக்கத்தில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த முகங்கள் மேல் அளவில்லாத மரியாதை உண்டு. ஆனால் அவை இருநூறு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் கோபம் தெரிய வேண்டும் என்று போட்ட முகங்கள். இரண்டடியில் நின்று பார்க்கும் சிற்பத்துக்கு அது ஒத்து வரவில்லை. வீட்டிலும் ஆபீசிலும் இருக்கும் கோபம் கண்ணில் வருவதற்கு முன்னாலேயே தாடைக் கோணத்துக்குப் போய்விடும். காதுக்குக் கீழே, பல்லைக் கடித்தால் புடைக்கும் தசை இருக்கிறதே, அங்கே. லேப்புக்கு வரும் பிளாஸ்டர் மாடல்களில் இதை நான் தினமும் பார்க்கிறேன். முப்பத்தைந்து வயதுக்காரரின் கடைவாய்ப்பல் எல்லாம் மட்டமாகத் தேய்ந்திருக்கும். இரவு தூக்கத்தில் நறநறவென்று கடித்துக் கடித்துத் தேய்த்திருப்பார். நேரில் பார்த்தால் சாதுவாக இருப்பார். எல்லாவற்றையும் முழுங்கி வைத்திருக்கிற ஆள் என்பதைப் பல்தான் சொல்லும். 'அலை' என்பது வெகுளிக்கு ஒரு காரணம்: அலைக்கழிக்கப்படுவதால் வரும் கோபம். அதற்கு இந்த முகத்தைத்தானே செய்ய வேண்டும்?

இதை அவரிடமே சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. என் தாடைக் கோணத்தில் விரலை வைத்து "கடிங்க தம்பி, விடுங்க, கடிங்க" என்றார். தன் தாடையிலும் வைத்துப் பார்த்துக்கொண்டார். "அலை இன்னும் செய்யல. நாலாவது அதுதான். அந்தத் தேஞ்ச பல்லு மாடல் ஒண்ணு கொண்டாந்து குடுங்க, பாக்கலாம்" என்றார். பேர் அழித்துவிட்டு இரண்டு மாடல் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

செய்முறை பற்றிக் கொஞ்சம். ஏரி வண்டலோடு மணலும், பழைய கூரை ஓடுகளை இடித்த தூளும், உமியும் சேர்த்து மிதிக்கிறார். அய்யனார் குதிரை செய்யும் வேளார் ஒருவரிடம் கற்றது. கெட்டியான மண் உருண்டையைச் செதுக்கிச் சுட்டால், உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெடித்துவிடும். அதனால் கழுத்திலிருந்து திரி திரியாக அடுக்கி, உள்ளே கூடாகவே மேலே ஏற்றுகிறார். காய்ந்து சுட்டு முடிவதற்குள் மண் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், ஈரத்தில் எல்லாத் தலையும் நிஜத்தைவிடப் பெரிதாக இருக்கும். வாயோரத்தில் அரை மில்லிமீட்டர் மாறினாலும் முகம் மாறிவிடும். அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் வைத்துத்தான் இவ்வளவு நுணுக்கமும் செய்திருக்கிறார். மெழுகிலும் அக்ரிலிக்கிலும் சுருக்கத்தோடு போராடுகிறவன் என்பதால் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஏற்காட்டுப் பனியில் ஒரு தலை காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகிறது. மெதுவாகக் காய்வது நல்லது, விரிசல் குறையும். ஆனால் மழைக்காலத்தில் சூளை வைக்க முடியாது. வெள்ளி ஓக் மரத்தில் கழித்த கிளைகள்தான் விறகு.

32 தலை வரிசை விற்பனைக்கு இல்லை, மொத்தமாக ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார். நல்ல முடிவு. விற்பனைக்கு இருப்பவை உள்ளங்கை அளவுத் தலைகள், 1,500 ரூபாயிலிருந்து. ஒவ்வொன்றும் தனியாகக் கையால் பிடித்தது, அச்சில் எடுத்தது கிடையாது. அதற்கு இந்த விலை குறைவு என்றுதான் சொல்வேன். நான் வாங்கியது நகை வரிசையில் 'எள்ளல்' (கேலி) தலையின் சின்ன உரு. வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலே போயிருக்கும். லேப் மேஜையில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது என்று காட்ட வசதியாக இருக்கிறது. காபித் தொலியும் வைக்கோலும் வைத்து அட்டைப்பெட்டியில் கட்டித் தருகிறார். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தும் ஒரு கீறல் இல்லை.

பார்க்கக் கட்டணம் இல்லை. படிக்கிற பிள்ளைகள் வந்தால் மண்ணைக் கையில் கொடுத்துச் செய்யவும் சொல்லித் தருகிறார். சேலத்தில் ஓவியம் படிக்கும் மாணவர்களும், அதைவிட முக்கியமாகப் பல் மருத்துவம் படிக்கும் மாணவர்களும் ஒரு நாள் இங்கே செலவழிக்க வேண்டும் என்பது என் ஆசை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், தரை முழுக்க மண்தூள். கார் ரோட்டோரத்தில்தான் நிறுத்த வேண்டும், இரண்டுக்கு மேல் இடம் இல்லை.

வெளிச்சம் ஒன்றுதான் சரியில்லை. கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை வெயில் சாய்வாக விழும்போது வாயோரப் பள்ளம், கன்ன மேடு எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. மதியத்துக்கு மேல் பனி மூடினால் மேலே டியூப்லைட்டைப் போட்டுவிடுகிறார், எல்லாத் தலையும் தட்டையாகிவிடுகிறது. பக்கவாட்டில் நாலு விளக்கு வைத்தால் போதும். அதுவரை, முதல் பஸ்ஸைப் பிடித்துப் பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.